பொதுத் தொகுப்பில் ஒரு பெயர்

கல்வி அலுவலகங்களுக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, நான் ஏழு ஆண்டுகள் தயாரித்த ஆண்டு முன்னேற்ற அறிக்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். படிவங்களை நிரப்பும் முறையை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஆகவே நான் ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது என் கையால் எழுதிய வரி: "இப்பள்ளியில் இடைநிற்றல் இல்லை."

பள்ளி, திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் உள்ளே பிரிந்து போனால் வரும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் மானாவாரி நிலம். காலையில் பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்குப் பஞ்சாலை பஸ்கள் அதே சாலையில் போகும். பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைகள் ஒதுங்கி நின்று அந்த பஸ்களுக்கு வழிவிடுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் ஆய்வுக் கூட்டம் நடக்கும். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதிகாரி "உட்காருங்கள்" என்று சொல்லும்வரை உட்காரக் கூடாது. சில திங்கட்கிழமைகளில் அவர் சொல்ல மறந்துவிடுவார். கூட்டத்துக்கு முன் தேநீர் குடிக்கும்போது தலைமை ஆசிரியர்கள் தங்களுக்குள் கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

"என்னண்ணே, இந்த வாரமும் நிக்கிறதுதானா?"

"நமக்கெதுக்குப்பா சேரு? ஒண்ணு மிச்சம், வேற யாருக்காச்சும் போடுங்க."

நான் சொல்லும் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒரு முழு ஆண்டு அப்படி நின்றவர். சோம்பேறி அல்லர். மாலை வகுப்புக்குத் தன் வீட்டிலிருந்து கொண்டைக்கடலை அவித்து எடுத்து வருவார். தூரத்துப் பிள்ளைகளைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவார். அடுத்த ஆண்டு அவர் பள்ளியில் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். அந்தத் திங்கட்கிழமை கூட்டத்தில் அதிகாரி அவரை மறுபடியும் எழுந்து நிற்கச் சொன்னார், இந்த முறை கைதட்டுவதற்காக. கைதட்டல் ஓய்ந்த பிறகும், "உட்காருங்கள்" என்ற சொல் வரும்வரை அவர் உட்காரவில்லை.

நூறு விழுக்காடு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, எங்கள் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பொதுத் தேர்வில் தேறமாட்டார்கள் என்று கருதப்படும் பிள்ளைகளின் பெற்றோரைச் சில பள்ளிகள் கூப்பிட்டு அனுப்பும். "இவளுக்குப் படிப்பு ஏறல, வேற எங்கயாச்சும் பாருங்க" என்று சொல்லும். பிறகு பெற்றோர் கேட்டுக்கொண்டதாக ஒரு கடிதம், அவர்களின் கையெழுத்து அல்லது கைநாட்டு, மாற்றுச் சான்றிதழ். அன்றே கணினியில் அந்தப் பெயர் பள்ளியின் பட்டியலிலிருந்து 'காமன் பூல்' எனப்படும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை பெயர் அங்கேதான் இருக்கும். எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லாததால், அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இடைநின்றதாகவும் ஆகாது. பள்ளிகள் தரும் எண்களைக் கூட்டினால் பூச்சியம் வரும். கூட்டல் சரியாகத்தான் இருக்கும்.

ஆசிரியப் பணிக்கும், அதிலிருந்து இந்த அலுவலகத்துக்கும் வருவதற்கு முன் நான் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தேன். ஒரு செய்தியில் எண் வந்தால், அதை யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள் என்று கேட்க அங்கே பழகியிருந்தேன். அந்தப் பள்ளியை முன்மாதிரியாகக் காட்டி ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று அதிகாரி சொன்னதால், செப்டம்பரில் நேரில் போனேன். பதிவேடுகளைப் புரட்டும்போது மாற்றுச் சான்றிதழ்க் கோப்பில் நான்கு கடிதங்கள் இருந்தன. நான்கும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. கீழே மட்டும் வேறு வேறு கைநாட்டுகள்.

"யார் எழுதியது இது?" என்று கேட்டேன்.

"பெத்தவங்களுக்கு எழுத வராது மேடம். நம்ம டீச்சர்தான் எழுதிக் குடுத்தாங்க."

"இந்த நாலு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

"காமன் பூல்ல இருக்காங்க மேடம்."

விடுதியில் இருக்கிறார்கள் என்று சொல்வதைப்போலச் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். கோப்பை மூடிவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தேன். அலுவலகம் திரும்பி அந்த வரியை எழுதினேன்.

தீபாவளி முடிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பேச்சியம்மாள். நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். அந்த நான்கு பெயர்களில் ஒன்றான நாகஜோதி அவர் மகள். ஜூன் மாதம் சான்றிதழை வாங்கியதும் தகப்பன் மகளைப் பஞ்சாலைக்கு அனுப்பிவிட்டார். ஆலை விடுதியில் தங்கி வேலை. தீபாவளி விடுமுறைக்கு வீடு வந்த பெண்ணைப் பேச்சியம்மாள் திரும்ப அனுப்பவில்லை.

"மில்லுக்கு ஆள் சேக்குற ஏசண்டு ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டான் டீச்சர். சனிக்கிழமை வேன் கொண்டாரேன்னு சொல்லிருக்கான். அவுக அப்பா, வீட்டுல சும்மா வச்சு என்ன பண்ணப்போறேங்குறாரு. பள்ளிக்கூடத்துல சேத்துட்டாகன்னு ஒரு சீட்டு இருந்தா மூஞ்சிக்கு நேரா காட்டிருவேன். வாயத் தொறக்க மாட்டாரு."

"பள்ளிக்கூடத்தில் கேட்டீர்களா?"

"போனேன் டீச்சர். தலைமை சாரு, இப்ப ஆகாதுன்னுட்டாரு. இந்தாப் பாருங்க, அவ நோட்டு. ஆலைக்குப் போறப்பவும் கொண்டுக்கிட்டுத்தான் போனா. மில்லுக்கு எதுக்குடி நோட்டுன்னு கூட இருக்குற பிள்ளைக சிரிச்சிருக்குக."

அந்த வாரத்தின் நிலவரம் இதுதான். பொதுத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலையோடு மூடப்படும். அதற்குள் பள்ளியில் சேர்ந்தால் நாகஜோதி பட்டியலில் வருவாள், மார்ச்சில் தேர்வு எழுதுவாள். அதே வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆண்டறிக்கை மேலதிகாரிகள் கூடும் கூட்டத்தில் வைக்கப்பட இருந்தது. அதில் இந்தப் பள்ளி முன்மாதிரி.

அதிகாரியின் அறை என் மேசையிலிருந்து பதினைந்து காலடி தூரம். ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போய், நான்கு பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள், ஒரு பெண் திரும்பி வர நிற்கிறாள், இன்றே சேர்க்க ஆணையிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆணையிட்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், செப்டம்பரில் பள்ளிக்குப் போனபோது நீங்கள் பார்க்கவில்லையா என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். நான் எழுந்து போகவில்லை. தலைமை ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மேடம், அவளுக்குக் கணக்கு சுத்தமா வராது. நாலு மாசம் வேற பள்ளிக்கூடத்துப் பக்கமே வரல. அவ ஒருத்தி தேறலைன்னா நூறு போச்சு. நூறு போனா நான் மறுபடியும் எந்திரிச்சு நிக்கணும். நான் சேக்க மாட்டேன்னு சொல்லல. வெள்ளிக்கிழமை கழியட்டும். திங்கக்கிழமை காலையில நானே கூப்பிட்டுச் சேத்துக்கிறேன். இந்த வருசம் உக்காந்து பாடம் கேக்கட்டும், அடுத்த வருசம் எழுதட்டும். பிள்ளைக்கும் அதான நல்லது?"

நெருக்கடியில் வரும் மோசமான யோசனைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் ஏதோ ஒரு நன்மை தருவதாகத் தோன்றும். பெண் பள்ளிக்குத் திரும்பிவிடுவாள். அவருக்கு நூறு நிற்கும். எனக்கு என் வரி நிற்கும். வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளிப் போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த மூன்று நாட்களுக்குள் ஒரு சனிக்கிழமை இருந்தது. வேன் வருகிறது என்று சற்று முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

பேச்சியம்மாளிடம் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

"திங்கக்கெழம கட்டாயம் வாரேன் டீச்சர். இப்ப ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க. சனிக்கிழமைக்கு மட்டும் வேணும்."

"சேர்க்காமல் சேர்த்ததாக நான் எப்படி எழுதித் தர முடியும்?"

அவர் "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பொய்யாக ஒரு வார்த்தையும் எழுதித் தரவில்லை என்று அன்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. பூச்சியம் என்று எழுதிய அதே கை.

வெள்ளிக்கிழமை கூட்டம் நன்றாக நடந்தது. முன்மாதிரிப் பள்ளியின் இரண்டு பக்கங்களைத் திரையில் காட்டினார்கள். மரத்தடிப் புகைப்படத்தை மேலதிகாரி ஒருவர் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் வரவில்லை. பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "மேடம், நான் சேக்குறதுக்கு ரெடியா இருக்கேன். யாரும் வரலயே" என்றார். "வராவிட்டால் நாம் என்ன செய்வது?" என்றேன். இரண்டு பேர் குரலிலும் நிம்மதி இருந்தது. ஊருக்கு ஆள் அனுப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. அன்று மதியம் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. பிறகு தோன்றவில்லை.

ஜனவரியில் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது: பஞ்சாலை இயந்திரத்தில் கை சிக்கிப் பெண் தொழிலாளி காயம். வயது பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

பத்து நாள் கழித்து, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. காயம்பட்ட பெண்ணின் உண்மையான வயதைக் கேட்டிருந்தார்கள், அவள் எந்தப் பள்ளி மாணவி என்றும் கேட்டிருந்தார்கள். பெயர் நாகஜோதி. வயது பதினைந்து.

பதில் எழுதும் பொறுப்பை அதிகாரி என்னிடம் கொடுத்தார். பிறந்த தேதியைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதினேன். அடுத்த கேள்விக்கு, "மேற்படி மாணவி தற்போது எப்பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை" என்று எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட மறுநாள், அது ஒரு செவ்வாய்க்கிழமை, அரசு மருத்துவமனைக்குப் போனேன். பெண்கள் பிரிவில் கடைசிக் கட்டில். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. மூன்று விரல்கள் போய்விட்டன என்று செவிலியர் சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சர்" என்றார். பிறகு, "இன்னைக்கும் செவ்வாக்கெழமதான டீச்சர்? இப்பச் சேத்துக்கிறலாமா?" என்று கேட்டார்.

கட்டிலருகே இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை வெள்ளன வேன் வந்துருச்சு. திங்கக்கெழம சேக்குறாகன்னு சொன்னேன். எங்க சீட்டுன்னு கேட்டாரு அவுக அப்பா. இருந்தாத்தான காட்ட?"

"சும்மா இரும்மா" என்று நாகஜோதி சொன்னாள். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லியான பெண். தலைமுடியைப் பஞ்சாலை வழக்கப்படி இறுக்கிச் சுருட்டிக் கட்டியிருந்தாள். "டீச்சர், கை ஏலாதவுகளுக்குப் பரிச்சை எழுத ஆள் தருவாகளாம்ல? நம்ம சொல்லச் சொல்ல அவுக எழுதுவாகளாம்ல?"

"தருவார்கள்."

"கணக்குக்குமா?"

"கணக்குக்கும்தான்."

"அப்ப எனக்கு இப்பத்தான் வசதி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேரே அதிகாரியின் அறைக்குப் போனேன். தீபாவளி முடிந்த அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் வந்ததையும், நான் தொலைபேசியில் பேசியதையும், சீட்டு மறுத்ததையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "எதுவும் எழுத்துல இல்லைல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விடுங்க" என்றார்.

எழுத்தில் இருந்தது அந்த நான்கு கடிதங்கள் மட்டும்தான். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் கடிதத்தையொட்டி நடந்த விசாரணையில் தலைமை ஆசிரியருக்குக் குறிப்பாணை போனது. அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு மெமோ வந்துருக்கு மேடம். உங்களுக்கு?"

"வரவில்லை."

"வராது மேடம். நீங்கதான் எதையும் எழுதிக் குடுக்கலயே."

அதன்பின் அவர் என்னிடம் பேசியதில்லை. மற்ற மூன்று பிள்ளைகளின் தொலைபேசி எண்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து நானே கூப்பிட்டேன். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் ஒரு தகப்பன் எடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன் என்றேன். "இப்ப எதுக்குக் கேக்குறீக?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியதாக நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பூச்சியம் என்று எழுதும் முன் பொதுத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொலைபேசி எண் இருக்கும். ஜூன் மாதத்திலேயே கூப்பிடுங்கள், அப்போது பெரும்பாலும் எடுப்பார்கள். எதிரே நின்று ஒருவர் நாள் குறித்துக் கேட்டால், அது அவருடைய நாளா, உங்களுடைய நாளா என்று பாருங்கள். நான் பேச்சியம்மாளின் சனிக்கிழமையைக் கேட்டுவிட்டு என் வெள்ளிக்கிழமையை வைத்து முடிவு செய்தேன்.

அடுத்த ஜூனில் நாகஜோதியைத் திண்டுக்கல்லில் வேறொரு பள்ளியில் சேர்த்தோம். அவளே சொல்ல, ஓர் ஆசிரியை எழுத, பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். தேர்ச்சி பெற்றாள். கணக்கில் தேர்ச்சிக்கு வேண்டியதைவிட ஒரே ஒரு மதிப்பெண் அதிகம்.

முடிவு வந்த வாரமே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அந்த ஆண்டுச் சாதனை மலருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது என்றார். "விபத்தில் விரல்களை இழந்தும் வென்ற மாணவி. ஒரு பக்கம் எழுதுங்க. போட்டோ பெருசா இருக்கட்டும்." அது நான் ஓய்வுபெற இருந்த ஆண்டு. நான் தயாரித்த கடைசி மலர்.

எழுதுவதற்கு ஒப்புதல் கேட்க அவர்கள் ஊருக்குப் போனேன். நாகஜோதி சரி என்றாள். இடது கையால் மதிப்பெண் பட்டியலைப் பிடித்தபடி நின்றாள், படம் எடுத்தேன். பேச்சியம்மாள் கடைசியாகச் சொன்னார்:

"எழுதுங்க டீச்சர். நல்லதுதான். நான் உங்ககிட்ட வந்ததையும், நீங்க திங்கக்கெழம வரச் சொன்னதையும் சேத்து எழுதுங்க. அதுவும் நடந்ததுதான?"

எழுதுகிறேன் என்றேன்.

அந்தப் பத்தியை அதிகாரி அடித்துவிட்டார் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. அவர் அடிக்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் அவர் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. நான் எழுதியிருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும். நான் எழுதவில்லை. "எதிர்பாராத விபத்தில்" என்று எழுதினேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தின் அடியில் நான்கு விரற்கடை வெள்ளை இடம் இருந்தது.

மலர் வந்ததும் ஒரு பிரதியை நானே எடுத்துக்கொண்டு போனேன். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நாகஜோதி மலரைத் தரையில் விரித்து, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தமாகப் படித்தாள். படிக்கத் தெரியாத அந்தத் தாய் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தன் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். தேர்வு, தேர்ச்சி, அதிகாரியின் பாராட்டு என்று பக்கம் முடிந்தது. நாகஜோதி நிறுத்தினாள்.

பேச்சியம்மாள் காத்திருந்தார்.

"மேல படி புள்ள."

நாகஜோதி தாளைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் வேறொரு பள்ளியின் கபடி அணி கோப்பையோடு நின்றது. திரும்ப இந்தப் பக்கத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"அம்புட்டுத்தாம்மா" என்றாள் நாகஜோதி.